குண்டூர் கிரகணத்திலிருந்து குவாண்டம் கணினி வரை



போன முறை கங்கைகொண்டசோழபுரம் பற்றி எழுதியபோது, "டீச்சர், இன்னும் கொஞ்சம் நீளமா எழுதக் கூடாதா" என்று கேட்டீர்கள். இப்போது மாட்டிக்கொண்டீர்கள். இது நீளமான பதிவு. ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். ஒன்றரை ஏக்கர் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிறான். மகள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், இயற்பியலில் ரொம்ப ஆர்வம். யாரோ ஒரு ஆள் வீடு தேடி வந்து வழவழப்பான காகிதத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கோ தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி, அங்கே குவாண்டம் கம்ப்யூட்டர் படிப்பு. இன்னும் ஐந்தே வருடத்தில் எல்லாத் தொழிற்சாலையிலும் அந்த மெஷின்தான் ஓடும், படித்தவர்களைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று போட்டிருந்தது. ஃபீஸைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"கொல்லைய அடமானம் வச்சிடலாம்னு இருக்கேன் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதே திண்ணையில் இன்னொரு அப்பா வந்து உட்கார்ந்து இதே மாதிரி கேட்டார். அப்போது எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் டிப்ளமோ போர்டு. நானும் பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி, "காலம் மாறுதுங்க, சேர்த்துவிடுங்க" என்றேன். அவர் மாட்டை விற்றுப் பணம் கட்டினார். சில மாதத்தில் அந்த சென்டரைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் வரத்தான் செய்தது. நான் சொன்னதில் தப்பு என்னவென்றால், எப்போது வரும், வந்தால் யாருக்கு வேலை என்று எனக்குத் தெரியாமலேயே சொன்னதுதான்.

அதனால் இவனிடம், "ஒரு வாரம் டைம் குடுப்பா, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள், எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவள். அதைத் தாண்டித் தெரியாத இடத்தில் பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் கைகொடுத்தான். அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளே அவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். தங்க நிறத்தில் தட்டுத் தட்டாக, குழாயும் கம்பியுமாக, கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு மாதிரி தொங்குகிறது. "எவ்ளோ பெரிய கம்ப்யூட்டர்!" என்றேன். சிரித்தான். "சித்தி, கம்ப்யூட்டர் அடியில இருக்கற சின்னச் சில்லுதான். மிச்சம் முழுக்கக் குளிர்பெட்டி."

ஆகவே இந்த வரலாறு குளிரிலிருந்து தொடங்குகிறது. குளிரின் கதையோ, ஆச்சரியமாக, நம் பக்கத்துச் சூட்டிலிருந்து தொடங்குகிறது.

1868 ஆகஸ்ட் 18. முழுச் சூரிய கிரகணம். அதன் நிழல் அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதி வழியாகப் போகும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். பிரான்ஸிலிருந்து பியர் ஜான்சென் வந்து குண்டூரில் முகாம் போட்டார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போனார். சூரியன் மறைந்த அந்தச் சில நிமிடங்களில் அதன் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்த்தார்கள். (எட்டாம் வகுப்பில் கண்ணாடிப் பட்டகத்தை ஜன்னலோரம் வைத்துச் சுவரில் ஏழு நிறம் காட்டுவேனே, அதேதான்.) அன்று பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம் என்று முதலில் நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து நார்மன் லாக்யர், கிரகணம் இல்லாமலேயே சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, அது சோடியத்தின் கோடு இல்லை, பூமியில் யாரும் பார்க்காத ஒரு தனிமத்தினுடையது என்றார். கிரேக்க மொழியில் சூரியனுக்கு ஹீலியோஸ் என்று பெயர். அதிலிருந்து ஹீலியம். பூமியிலேயே அது இருப்பதை 1895-ல்தான் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டு நார்மன்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நானும் முதலில் குழம்பினேன்.

அடுத்தது லெய்டன். ராஜராஜன் நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேடுகளை "லெய்டன் செப்பேடுகள்" என்று நடத்தியது நினைவிருக்கிறதா? டச்சுக்காரர்கள் கொண்டுபோன அந்த நெதர்லாந்து ஊர்தான். அங்கே பல்கலைக்கழகத்தில் காமர்லிங் ஓனஸ் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர். எந்த வாயுவையும் குளிர வைத்துத் திரவமாக்கிவிட வேண்டும் என்று வெறியாக இருந்தவர். எல்லா வாயுவும் வழிக்கு வந்துவிட்டது, ஹீலியம் மட்டும் அடங்கவில்லை. மோனசைட் மணலை மூட்டை மூட்டையாக வாங்கிச் சூடாக்கி அதிலிருந்து ஹீலியம் எடுத்தார். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறதே, அதே வகை மணல். ஆனால் அவருக்கு வந்தது வேறு நாட்டிலிருந்து. 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் திரவமானது. மைனஸ் 269 டிகிரி.

1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்து மின்சாரம் செலுத்தினார். மின்தடை திடீரென்று காணாமல் போயிற்று. மீக்கடத்தல் என்று நம் புத்தகத்தில் ஒரு பத்தி வருமே, அதன் பிறப்பு அதுதான். 1913-ல் நோபல் பரிசு.

நான் நின்று நின்று படித்தது இந்த நோபல் கதையை இல்லை. 1901-லேயே ஓனஸ் லெய்டனில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கிறார், கருவி செய்கிறவர்களுக்காக. கண்ணாடி ஊதவும், உலோகம் கடையவும், குழாயில் காற்று கசியாமல் இணைக்கவும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் நீல அங்கி போட்டிருப்பார்களாம், அதனால் நீலப் பையன்கள் என்று பேர். ஹீலியம் திரவமான அன்று பேராசிரியர் மட்டும் இருந்து என்ன பண்ணியிருப்பார்? கண்ணாடிக் குடுவை விரிசல் விடாமல் இருந்ததால்தான் அந்த நாள் வரலாறாயிற்று. அந்தப் பள்ளி இன்றைக்கும் நடக்கிறது.

குளிரின் கதையில் கடைசிப் படியும் லெய்டன்தான். இரண்டு வகை ஹீலியத்தைக் கலந்து இன்னும் கீழே போகலாம் என்று ஹெய்ன்ஸ் லண்டன் என்பவர் 1950-களில் யோசனை சொன்னார். 1964-ல் ஓனஸ் பெயரிலுள்ள ஆய்வகத்தில் அதைச் செய்து காட்டினார்கள். என் அக்கா மகன் காட்டிய அந்தச் சரவிளக்கு இதுதான். அதன் அடித்தட்டு, இதற்கு மேல் குளிரே கிடையாது என்கிற மைனஸ் 273.15 டிகிரிக்கு ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு மட்டும் மேலே இருக்கும். விண்வெளியின் வெட்டவெளி கூட இதைவிடப் பல மடங்கு சூடு.

சரி, இவ்வளவு குளிரில் என்ன கணக்கு?

1981-ல் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெயின்மன் ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வியை வைத்தார். அணுக்களும் மூலக்கூறுகளும் குவாண்டம் விதிப்படி நடக்கின்றன. நம் கம்ப்யூட்டரோ சாதாரண விதிப்படி நடக்கிறது. ஐம்பது சின்னக் காந்தங்களின் நடத்தையை முழுதாக எழுதிவைக்க வேண்டுமென்றால் 2-ஐ ஐம்பது முறை பெருக்கின அளவு எண்கள் வேண்டும். சதுரங்கக் கட்டத்தில் நெல்லை இரட்டிப்பாக்கின கதைதான். ஐம்பதாவது பெருக்கில் 11 கோடிக் கோடியைத் தாண்டும். அப்படியானால் குவாண்டம் விதிப்படியே நடக்கிற கருவியை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன என்றார். 1985-ல் டேவிட் டாய்ச் அதைப் பொதுவான ஒரு கணினியாகக் காகிதத்தில் வடித்தார்.

வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி "எல்லா விடையையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கும்" என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொன்னேரியில் இரண்டு கல்லை எறிந்தால் இரண்டு வட்டமாக அலை வரும். சில இடத்தில் மேடும் மேடும் சேர்ந்து உயரும், சில இடத்தில் மேடும் பள்ளமும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். க்யூபிட் என்கிற இதன் அடிப்படை அலகும் அலை மாதிரி நடந்துகொள்கிறது. தப்பான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்படியும் சரியான விடையின் அலை உயரும்படியும் கல்லை எங்கே எறிவது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அந்த வித்தை ஒரு சில கணக்குகளுக்கே கிடைத்திருக்கிறது. 1994-ல் பெல் ஆய்வகத்தின் பீட்டர் ஷோர் பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒன்று கண்டுபிடித்தார். 1996-ல் அதே பெல் ஆய்வகத்தில், டெல்லி ஐஐடியில் படித்த லவ் குரோவர், தேடுவதற்கு ஒன்று கண்டுபிடித்தார். மற்றவற்றை விரல் விட்டு எண்ணலாம் என்று சொன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் பட்டியல் ரொம்ப நீளமில்லை.

காகிதத்திலிருந்து கருவிக்கு வந்த பாதை மறுபடி மீக்கடத்தியோடு சேர்கிறது. 1984-85-ல் பெர்க்லியில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்டினிஸ் மூவரும், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்றே குளிரில் ஒற்றை அணுவைப் போல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். 1999-ல் ஜப்பானின் என்ஈசி நிறுவனத்து ஆய்வகத்தில் நாகமுராவின் குழு அப்படிப்பட்ட சுற்றிலிருந்து முதல் க்யூபிட்டைச் செய்தது. பெர்க்லி மூவருக்கும் நோபல் கிடைத்தது 2025-ல். செய்ததற்கும் பரிசுக்கும் நாற்பது வருடம். குளிர் வேண்டாத வகைகளும் இருக்கின்றன. மின்னூட்டம் பெற்ற அணுக்களை வெற்றிடத்தில் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள், ஒளியை வைத்துச் செய்கிறார்கள். அவை பற்றி நான் அதிகம் படிக்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. 2016-ல் ஐபிஎம் நிறுவனம் ஐந்து க்யூபிட் உள்ள ஒரு கருவியை இணையத்தில் திறந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் கணக்கு அனுப்பலாம் என்று. இப்போது அதைவிடப் பெரிய கருவிகள் இருக்கின்றன. அக்கா மகன் அவனுடைய கணக்கில் நுழைந்து, நம் வரதராஜன்பேட்டைத் திண்ணையிலிருந்தே ஒரு சின்னக் கணக்கை அனுப்பினான். இரண்டு க்யூபிட்டைப் பிணைத்துவிட வேண்டும். ஒன்று 0 என்றால் மற்றதும் 0, ஒன்று 1 என்றால் மற்றதும் 1. ஆயிரம் முறை செய்து எண்ணிச் சொல்ல வேண்டும். வரிசையில் காத்திருந்தோம். விடை வந்தது. பாதிக்குக் கிட்டத்தில் 00, பாதிக்குக் கிட்டத்தில் 11. கூடவே வரவே கூடாத 01-ம் 10-ம் முப்பது சொச்சம்.

"இது என்னடா?" என்றேன்.

"அதான் சித்தி பிழை. இதுதான் இப்ப எல்லாருக்கும் தலைவலி."

அந்த முப்பது சொச்சத்தில்தான் என் முன்னாள் மாணவனின் முந்திரிக் கொல்லைக்கான பதில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. இரண்டே க்யூபிட், ஓரிரு படிகள், அதிலேயே நூற்றுக்கு மூன்று தப்பு. தொழிற்சாலைக்கு உதவுகிற கணக்குக்குக் கோடிக்கணக்கான படிகள் வேண்டும். நல்ல கருவிகளிலேயே இன்றைக்கு ஆயிரம் படிக்கு ஒன்று போலப் பிழை வருகிறது. ஆயிரம் மூட்டையில் ஒரு மூட்டை தப்பு எடை என்றால் கடை நடத்தலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிற கணக்கில் அது நடக்காது.

இதற்கு வழியும் ஷோர்தான் 1995-ல் முதலில் காட்டினார். ஒரே தகவலைப் பல க்யூபிட்டில் பரப்பிவைத்து, எது கெட்டது என்று அவ்வப்போது பார்த்துத் திருத்துவது. காப்பி எழுதும்போது நாலு பேர் சேர்ந்து சரிபார்ப்பது மாதிரி. ஆனால் சரிபார்க்கிற நாலு பேரும் தப்பு விடுகிறவர்களாக இருந்தால்? ஆள் கூடக் கூடத் தப்பும் கூடிவிடும். தப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால்தான் ஆள் கூடக் கூடத் தப்பு குறையும். இந்த எல்லையைத் தாண்டினோம் என்று 105 க்யூபிட் கொண்ட வில்லோ சில்லில் கூகிள் 2024 டிசம்பரில் காட்டியது. 3-க்கு 3, 5-க்கு 5, 7-க்கு 7 என்று கட்டத்தைப் பெரிதாக்க, ஒவ்வொரு முறையும் பிழை பாதியாகக் குறைந்தது. ஷோர் சொல்லி இருபத்தொன்பது வருடம்.

இனி தொழில். நோட்டீஸில் "சிமெண்ட் ஆலை முதல் வங்கி வரை" என்று போட்டிருந்ததால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

நம் அரியலூர் சிமெண்ட் லாரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு லாரி பத்து ஊருக்குப் போக வேண்டும், எந்த வரிசையில் போனால் டீசல் மிச்சம்? பத்து ஊருக்கு 36,28,800 வரிசைகள். பதினைந்து ஊர் என்றால் 1 லட்சத்து 30 ஆயிரம் கோடிக்கும் மேல். குவாண்டம் கணினி விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இந்த உதாரணம்தான். 2019-ல் வோக்ஸ்வாகன் நிறுவனம் லிஸ்பன் நகரத்தில் ஒன்பது பேருந்துகளுக்கு டி-வேவ் கம்பெனியின் குவாண்டம் கருவியை வைத்து வழி சொல்லிக் காட்டியது. செய்தது நிஜம். ஆனால் ஒன்பது பேருந்துக்கு வழி சொல்லச் சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். அது எல்லா வரிசையையும் பார்ப்பதில்லை, போதுமான அளவு நல்ல வழியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும். நம் ஊர் லாரி டிரைவரும் அப்படித்தான் செய்கிறார், கம்ப்யூட்டர் இல்லாமலேயே. இந்த வகைக் கணக்கில் குவாண்டம் ஜெயிக்கும் என்று இதுவரை யாரும் தெளிவாகக் காட்டவில்லை.

என் மனதுக்குப் பிடித்தது உரம். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க ஹேபர் 1909-ல் வழி கண்டார். கார்ல் பாஷ் 1913-ல் ஜெர்மனியில் ஓப்பாவ் ஊரில் ஆலை கட்டினார். இன்றும் உலகம் அந்த முறையில்தான் யூரியாவுக்கான அம்மோனியாவைச் செய்கிறது. 400, 500 டிகிரி சூடு, நூற்றைம்பது இருநூறு மடங்கு அழுத்தம். ஆனால் நம் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் முண்டு முண்டாக இருக்கும். அதிலுள்ள பாக்டீரியா இதே வேலையை நம் கொல்லையின் சூட்டிலேயே செய்கிறது. எப்படி? அதனிடம் இரும்பும் மாலிப்டினமும் உள்ள ஒரு நொதி இருக்கிறது. அதில் எலக்ட்ரான்கள் எப்படி நகர்கின்றன என்பதைச் சாதாரணக் கணினியால் சரியாகக் கணிக்க முடியவில்லை. ஃபெயின்மன் சொன்ன அதே இடறல். 2017-ல் சூரிச்சையும் மைக்ரோசாஃப்ட்டையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இந்த நொதிக்கு எவ்வளவு பெரிய குவாண்டம் கணினி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பிழைதிருத்தத்தோடு, இன்றிருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிய கருவி வேண்டும் என்று வந்தது. மருந்து, பேட்டரி, புது வினையூக்கி எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. தொழிலுக்கு உண்மையாக உதவப்போவது இந்தப் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வங்கி விஷயம் வேறு மாதிரி. அங்கே கருவி வருவதற்கு முன்பே வேலை வந்துவிட்டது. நம் ஏடிஎம், போன் பணப் பரிமாற்றம் எல்லாவற்றிலும் இருக்கிற பூட்டுகளில் முக்கியமான ஒன்று, பெரிய எண்ணைக் காரணிப்படுத்த முடியாது என்பதை நம்பி இருக்கிறது. ஷோரின் வழி அதைத் திறந்துவிடும். 2019-ல் கணக்குப் போட்டபோது அதற்கு 2 கோடி க்யூபிட் வேண்டும் என்றார்கள். 2025 மே மாதம் கூகிளின் கிரெய்க் கிட்னி 10 லட்சத்துக்கும் குறைவாகவே போதும் என்று காட்டினார். சில்லு மாறவில்லை, கணக்குப் போடும் விதம் மட்டும் மாறியது. இன்றைக்குக் கருவிகளில் இருப்பது சில நூறு, அதிகம் போனால் ஆயிரம் சொச்சம். ஆனாலும் பூட்டு மாற்றக் காலம் பிடிக்கும் என்பதால் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டிலேயே புதுப் பூட்டுகளுக்கான விதிகளை வெளியிட்டுவிட்டது.

நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். 1960-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற கணினியைக் கட்டினார்கள். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், பழைய வால்வு ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி வெற்றிடக் குழாய்களை ஆயிரக்கணக்கில் வைத்து. 1962-ல் நேரு பெயர் சூட்டினார். சாதாரண ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது எப்போது? டெல்லியில் ரயில் முன்பதிவு 1985-86-ல் கணினிக்கு வந்தது. டிஃப்ராக்கிலிருந்து இருபத்தைந்து வருடம். நம் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வர இன்னும் பதினைந்து வருடம் ஆயிற்று. உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும், துணி போட்டு மூடி, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சாவி யாரிடம் என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதே மும்பை நிறுவனம்தான் 2024 ஆகஸ்டில் ஆறு க்யூபிட் கருவியை முழுதாகச் சோதித்து முடித்தது. சில்லு அவர்களே வடிவமைத்துச் செய்தது. கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் புனேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகத்தினுடையவை. இணையத்தில் கணக்கு அனுப்பும் ஏற்பாடு டிசிஎஸ். மூன்று இடத்து மூன்று விதக் கைகள். லெய்டன் நீலப் பையன்கள் ஞாபகம் வந்தார்கள். 2025 ஏப்ரலில் பெங்களூரின் க்யூபிஐ நிறுவனம் 25 க்யூபிட் கருவியை வெளியிட்டது. தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு வருடத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை என்பது இலக்கு. அந்த இயக்கத்தில் தகவல்தொடர்புப் பகுதி சென்னை ஐஐடியின் பொறுப்பு. ஆந்திராவில் ஐபிஎம்மும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து 156 க்யூபிட் கருவியை வைக்கப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். எந்த ஊரில் தெரியுமா? அமராவதி. ஜான்சென் முகாம் போட்ட குண்டூருக்குப் பக்கத்திலேயே. இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மூன்றாவது வாரக் கடைசியில் அவன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் எழுதிவைத்த நோட்டை எடுத்து, மேலே சொன்னதையெல்லாம் சொன்னேன். ஐந்து வருடத்தில் எல்லா ஆலையிலும் ஓடும் என்று நோட்டீஸில் இருப்பதற்கு நான் படித்த எதிலும் ஆதாரம் இல்லை. இந்தத் துறை பொய்யும் இல்லை. இதில் வேலை இருக்கப்போகிறது, ஆனால் அந்த வேலைக்கு இயற்பியலும் கணக்கும் மின்னணுவும் குளிர்த் தொழில்நுட்பமும் தெரிந்தவர்கள்தான் வேண்டும். ஆறு க்யூபிட் கருவியைச் செய்தவர்கள் யாரும் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று போர்டு மாட்டிய பட்டப்படிப்பில் படித்துவிட்டு வரவில்லை. "கொல்லைய வைக்காதே" என்றேன். இந்த முறை தெரிந்து சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்த ஆளு சொன்னதெல்லாம்?" என்றான்.

அந்தப் பெண் குறுக்கே வந்தாள். "அப்பா, கொஞ்சம் இருங்க. டீச்சர், அந்த முப்பது தப்பு வந்துச்சே, அது எந்த க்யூபிட்டால வந்துச்சுன்னு அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க? பாத்தாவே கெட்டுப்போயிடும்னு சொன்னீங்களே?"

சத்தியமாக நான் அதைச் சொல்லவே இல்லை. அவளே படித்திருக்கிறாள். பெங்களூருக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். இரண்டு க்யூபிட்டின் மதிப்பைப் பார்க்காமல், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா வேறாக இருக்கிறதா என்பதை மட்டும் மூன்றாவது ஒன்றை வைத்துக் கேட்கலாமாம். அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள், நான் மாணவியாக உட்கார்ந்து கேட்டேன்.

அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி இயற்பியல் சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து, ஐபிஎம் கருவிக்கு மூன்று க்யூபிட் கணக்கு அனுப்பிவிட்டு, வரிசை நகருகிறதா என்று பார்த்துக்கொண்டே முந்திரிப்பருப்பு தின்கிறாள். பருப்பு அவள் வீட்டுக் கொல்லையிலிருந்து வருகிறது.

இனி உங்களிடம் ஒரு உதவி. என்னிடம் படித்தவர்களில் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் பிரிவில் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. கல்பாக்கத்தில் இரண்டு பேர். வெல்டிங்கில் ஐடிஐ முடித்து வெற்றிடக் குழாய் வேலை பார்க்கிற ஒருவன் ஓசூரில் இருக்கிறான், போன வருடம் மாதா கோயில் தேரின்போது பார்த்தேன், நம்பர் வாங்க மறந்துவிட்டேன். அடுத்த மே மாத லீவில் அவளை ஒரு ஆய்வகத்துக்கோ பட்டறைக்கோ ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா? கமெண்ட்டில் எழுத வேண்டாம், எனக்குப் போன் பண்ணுங்கள். நம்பர் பழையதுதான்.